ஆரை ஒன்று

ஒரு மணிக்கூடு வரையச் சொன்னாள் அந்தப் பெண். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சின்ன அறை. மேசையில் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் இருந்தன. ஸ்ரனிஸ்லாஸ் இடக்கையால் பென்சிலை எடுத்தான். வலக்கை, யாரோ வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப்போல மடியில் கிடந்தது. நாக்கின் நுனியை உதட்டில் அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் போட்டான். கோடு நடுங்கினாலும் தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது. அந்தப் பெண் நல்லது என்று தலையாட்டினாள். பிறகு அவன் வட்டத்தின் குறுக்கே படுக்கையாக ஒரு கோடு போட்டான். மேலிருந்து கீழாக இன்னொன்று. இலக்கங்கள் எதுவும் எழுதவில்லை. கடைசியாகச் சரிவாக ஒரு கோடு. அதோடு பென்சில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அவன் மனைவி லூசியா பென்சில் முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளில் ஒரு துளி விழுந்த பிறகே அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

“பரவாயில்லை மிஸ்யூ, களைத்துவிட்டீர்கள்” என்று பிரெஞ்சில் சொல்லி அந்தப் பெண் தாளை மெல்ல எடுத்து வைத்தாள். அடுத்ததாக ஒரு அப்பிள் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைக் கவனமாகப் பார்த்தான்.

“வுவாலா” என்றான்.

நவம்பர் மாதத்தில், பொபினியில் அவன் கணிதம் படிப்பிக்கும் லிசே என்கிற உயர்பள்ளியில், பாடம் நடந்துகொண்டிருக்கும்போது மேசைகளுக்கு நடுவில் விழுந்தான். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தப்பியது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. பத்து வயதில் பாசையூரிலிருந்து பிரெஞ்சு நாட்டுக்கு வந்து பியர்ஃபித்தில் வளர்ந்தவனிடம் இரண்டு மொழிகள் முழுதாக இருந்தன. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு சொல்தான் மிஞ்சியது. தமிழில் ‘ஓம்’. பிரெஞ்சில் ‘வுவாலா’. இதோ, பார்த்தீர்களா, அவ்வளவுதான் என்று எல்லாவற்றுக்கும் பிரெஞ்சுக்காரர் சொல்கிற சொல். தண்ணீர் வேண்டும் என்றாலும் வுவாலா, தலை இடிக்கிறது என்றாலும் வுவாலா. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வீட்டில் அவன் அந்தச் சொல்லைச் சொன்னதாக லூசியாவுக்கு ஞாபகம் இல்லை. அவளோடு தமிழில்தான் பேசுவான். அதுவும் அளந்துதான் பேசுவான். லூசியா என்ற தன் பெயரில் ஒரு எழுத்துக்கூட மிஞ்சாமல் எங்கிருந்தோ வந்த இந்தச் சொல் மட்டும் எப்படி மிஞ்சியது என்று, லா சப்பலில் அவள் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையில் றோல்ஸ் சுற்றிக்கொடுக்கும்போதெல்லாம் யோசித்தாள்.

நல்ல மனிதன்தான். பேசாலையிலிருந்து அவள் வந்து இறங்கிய கிழமையே அவளைக் கூட்டிக்கொண்டு மெத்ரோவில் எல்லாப் பாதைகளிலும் போய் வந்தான், தனியாகப் போகும்போது அவள் பயப்படக்கூடாது என்று. பிள்ளை தங்காமல் போன இரண்டு தடவையும் லீவு போட்டுவிட்டு அவளுடைய கால்மாட்டிலேயே இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்டு அவன்தான் சமைப்பான். ஆனால் சாப்பாட்டு மேசையைத் துடைத்து அதில் பள்ளிக்கூடத் தாள்களைப் பரப்பினான் என்றால், அந்த மேசை வேறு யாருடைய வீட்டிலோ இருப்பதைப்போல ஆகிவிடும். வந்த முதல் மாரிகாலத்தில் ஒருநாள் அவள் தேத்தண்ணீரை வைத்துவிட்டு, தாள் நிறையக் கிடந்த எழுத்துகளைப் பார்த்து, “என்ன இது, சிலுவையும் கோடுமாய்?” என்று கேட்டாள். அவன் பச்சைப் பேனையை மூடி வைத்தான். “இது உமக்கு விளங்காது லூசி” என்றான். இளக்காரமாகச் சொல்லவில்லை. சந்தையிலிருந்து வரும்போது பாரமான பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வானே, அந்த மாதிரித்தான் சொன்னான். அவளுக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. சாதாரண தரம் படிக்கும்போது முக்கோணத்தில் எதிர்ப்பக்கம், அயற்பக்கம், செம்பக்கம் என்று பாடமாக்கியதும், எதை எதால் பிரிப்பது என்று மாறிமாறிப் போட்டு அடி வாங்கியதும் அவளுக்குப் போதும். அதன்பிறகு அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் போட்ட அதே படத்தை வீட்டிலும் போடத் தொடங்கினான். சமையலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தால் விரலால் போட்டான். கடித உறைகளின் பின்பக்கத்தில் போட்டான். வட்டம், குறுக்கே இரண்டு கோடு, சரிவாக ஒன்று. அங்கே நின்றுவிடுவான். சில நாள் அழுவான், சில நாள் கண்ணாடியைக் கையால் அழித்துவிட்டுப் போய்ப் படுப்பான். மூளை அடிபட்டவர்கள் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மணிக்கூடு என்றுதான் லூசியாவும் நினைத்தாள். சுவரிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி அவன் முன்னால் வைத்தும் பார்த்தாள். அவன் அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டான்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுசான் பார்க்க வந்தாள். அவனோடு அதே லிசேயில், பக்கத்து வகுப்பறையில், கணிதம் படிப்பிப்பவள். புதுச்சேரிக் குடும்பம். இங்கேயே பிறந்தவள் என்றாலும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள். ஆஸ்பத்திரிக்கு ஒருதடவை வந்து, வாசலிலேயே அழுதுவிட்டுத் திரும்பிப் போனவள். இந்தத் தடவை ஒரு பெட்டி கேக்கோடு வந்து, அவன் எதிரில் அமர்ந்து, பிள்ளைகளைப் பற்றியும் பள்ளிக்கூடத்துப் புது அதிபரைப் பற்றியும் பிரெஞ்சில் விடாமல் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேக் பெட்டியின் மூடியை இழுத்து, மேசையில் கிடந்த பேனையால் வட்டம் போட்டான். கோடு. கோடு. சரிவுக் கோடு.

சுசான் பேச்சை நிறுத்தினாள்.

“எப்பவும் உந்த மணிக்கூடுதான் மடாம்” என்றாள் லூசியா, மன்னிப்புக் கேட்பவள்போல.

“இல்ல லூசியா. இது கடிகாரம் இல்ல.” சுசானின் குரல் மாறியிருந்தது. “இது அவரோட செர்க்ல், அந்தக் கணக்கு வட்டம். இதுலதான் அவரு வருஷத்தையே ஆரம்பிப்பாரு. உங்களுக்குத் தெரியாதா?”

லூசியாவுக்குத் தெரியாது. சமையலறையில் நின்று தேத்தண்ணீர் ஊற்றியபடி சுசான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் முதல் பாடத்திலேயே அவன் மேசைகளை எல்லாம் நடுவில் குவிக்கச் சொல்வானாம். ஒரு கையை நீட்டிக்கொண்டு வகுப்பறையைச் சுற்றி நடப்பானாம். எங்கே நிற்கிறானோ அந்த இடத்தின் கோசினுஸ் என்ன, சினுஸ் என்ன என்று பிள்ளைகள் கத்த வேண்டும். ஒரு சுற்று முடிந்து கதவடிக்கு வந்ததும் நாடகக்காரனைப்போலக் குனிந்து, வுவாலா என்பானாம். வகுப்பு முழுவதும் மேசையில் தட்டுமாம்.

“சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் பாடம் நடத்தவே முடியாது, அவ்வளவு சிரிப்பு. போய் சண்ட போட்டிருக்கேன்.”

“அவர் சிரிக்கிறவரோ?” என்று கேட்டாள் லூசியா.

சுசான் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள். லூசியா அடுப்படியிலேயே நின்றாள். கல்யாண வீடுகளில் எல்லாரும் ஆடும்போது சுவரோரமாய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் மனிதன். தனக்குக் கிடைக்காத ஒருவன் அந்த வகுப்பறையில் இத்தனை காலமும் இருந்திருக்கிறான், அவன் சத்தத்தை இந்தப் பெண் சுவருக்கு அப்பால் இருந்து கேட்டிருக்கிறாள். கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அவனிடம் மிஞ்சிய அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

போகும்போது படியிறங்கும் இடத்தில் சுசான் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “பேச்சு போன சில பேருக்குப் பாட்டு மட்டும் தங்கும்னு சொல்றாங்க. வாய் தெறக்காதவங்க முழுப் பாட்டும் பாடுவாங்களாம். இவருக்கு இந்தக் கணக்கு தங்கியிருக்கலாம் இல்லையா? வார்த்தை வேணாமே இதுக்கு.”

லூசியா வீட்டுக்குள்ளே திரும்பிப் பார்த்தாள். அவன் கேக் மூடியைக் கையில் தூக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப எனக்கு உதைச் சொல்லித் தாறீங்களோ?” என்றாள். “எனக்குக் கணக்கு வராது. எண்டாலும் சொல்லித் தாங்கோ. அவரோடை கதைக்க வேறை ஒண்டும் இல்லை.”

சனிக்கிழமைகளில் மத்தியானத்துக்குப் பிறகு அவளுக்குக் கடை இல்லை. ஸ்ரனிஸ்லாஸின் தம்பி கிங்ஸ்டன் வில்லியே லே பெல்லிலிருந்து வந்து அண்ணனோடு இருப்பான். லூசியாவும் சுசானும் ரயில் பாதைக்குப் பக்கத்துப் பூங்காவில் வாங்கில் அமர்ந்து படித்தார்கள். முதல் இரண்டு சனிக்கிழமையும் வீண்போயின. சுசான் சொன்ன எல்லாமே லூசியாவின் தலைக்குள் போய்ப் பழைய முக்கோணமாக மாறி, பழைய பயத்தோடு நின்றன. மூன்றாவது தடவை சுசான் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“முக்கோணத்த மறந்துடுங்க. ஒரு ஆள் நடக்கறான், அவ்வளவுதான். மையத்துலேர்ந்து எப்பவும் ஒரே தூரத்துல நடக்கறான். அந்தத் தூரத்துக்கு ஒண்ணுன்னு பேரு.”

“ஏன் ஒண்டு? ரண்டு, மூண்டு எண்டால் என்ன?”

“ரெண்டுன்னா ஒவ்வொரு தடவையும் ரெண்டால வகுக்கணும். மூணுன்னா மூணால. ஒண்ணுன்னு வச்சிட்டா ஒரு வேலையும் இல்ல. எவ்வளவு மேல இருக்கானோ அதுதான் சினுஸ். எவ்வளவு பக்கவாட்டுல இருக்கானோ அதுதான் கோசினுஸ். அப்படியே பாத்து எடுத்துக்கலாம்.”

லூசியா விரலால் மடியில் ஒரு வட்டம் போட்டாள். எதை எதால் பிரிப்பது என்று தெரியாமல் அடி வாங்கிய அத்தனை நாளும், பிரிக்கத் தேவையில்லாத ஒரு வட்டம் எங்கோ இருந்திருக்கிறது. அதை யாரும் சொல்லவில்லை.

“தொண்ணூறு பாகைக்கு மேலை போனால்? முக்கோணத்துக்குள்ளை அது வராதே.”

“அதுக்குத்தான் நடக்கச் சொன்னேன். நடக்கற ஆள் தொண்ணூறோட ஏன் நிக்கணும்? அந்தப் பக்கம் இறங்கட்டுமே. இடது பக்கம் போனா கோசினுஸ் மைனஸ், அவ்வளவுதான். உயரம் உயரமாத்தான் இருக்கும்.”

பூங்காவில் ஒரு மரத்தைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்த பாத்தி இருந்தது. சுசான் லூசியாவைத் தூரத்து வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு, அந்தக் கல்வட்டத்தின் மேல் ஏறி ஒரே வேகத்தில் நடந்தாள். “என்னைச் சுத்தறதாப் பாக்காதீங்க,” என்று அங்கிருந்து கத்தினாள். “கண்ணச் சுருக்கிக்கிட்டு, எடமும் வலமுமா எங்க இருக்கேன்னு மட்டும் பாருங்க.” லூசியா கண்ணைச் சுருக்கினாள். சுற்றும் பெண் மறைந்துபோனாள். அந்த இடத்தில் ஒருத்தி இடமிருந்து வலமாகப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். நடுவில் விறுவிறு என்று கடந்தாள். ஓரத்துக்கு வரவரத் தயங்கினாள், அங்கே ஏதோ மறந்துவைத்தவள்போல ஒரு கணம் நின்றாள், பிறகு மெல்லத் திரும்பினாள். சுசான் வேகத்தை மாற்றவேயில்லை. ஓடுவதும் தயங்குவதும் எல்லாம் அந்த ஒரே நடையின் உள்ளேயே இருந்தன.

“போறீங்கள், வாறீங்கள்!” லூசியா எழுந்து நின்று கத்தினாள். “ஓரத்திலை மெதுவாய்ப் போறீங்கள்!” அவள் சிரித்துவிட்டாள். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை. பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு போன ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். சுசான் பாத்தியில் நின்றபடியே கையைத் தட்டினாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் லூசியாவுக்கு எதைப் பார்த்தாலும் உயரமும் பக்கமுமாகத்தான் தெரிந்தது. படியில் ஏறும்போது மனம் சட்டென்று பாரமாகிப்போனது. இவ்வளவுதானே. ஒரு பின்னேரத்தில், ஒரு மரத்தடியில், தனக்கு விளங்குகிற விஷயம். அந்த மேசையில் தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கும்போது, எழுந்து ஒரு சுற்று நடந்து காட்டியிருக்கலாம் அவன். தானும் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

அதன்பிறகு வேகமாகப் படித்தாள். முப்பது, நாற்பத்தைந்து, அறுபது. உயரத்தையும் பக்கத்தையும் தனித்தனியே வர்க்கித்துக் கூட்டினால் எப்போதும் ஒன்றுதான் வரும் என்று சுசான் சொன்னபோது நம்பாமல், பஸ்ஸில் போகும்போது ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தாள். இதுதான் வாசல், இதற்கு உள்ளேதான் அலை, மின்சாரம், பல்கலைக்கழகக் கணக்கு எல்லாம் என்று சுசான் சொன்னாள். ஸ்ரனிஸ்லாஸ் அந்த வாசலைத் தாண்டி வெகுதூரம் போனவன், மேற்படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்கு வந்தவன் என்பதையும் அப்போதுதான் லூசியா அறிந்தாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சாப்பிட்டார்கள். அவன் அன்றைக்குத் தெளிவாக இருந்தான். லூசியா மேசையைத் துடைத்தாள். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பார்க்கப் போன நாளில்கூட நெஞ்சு இப்படி அடிக்கவில்லை. அவன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு பெரிய தாளை வைத்து, சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்துச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். குறுக்கே ஒரு கோடு. மேலிருந்து கீழே ஒரு கோடு. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். நடுவிலிருந்து சரிவாக ஒரு கோட்டை வட்டம் வரைக்கும் இழுத்தாள். அவன் வழக்கமாக நின்றுபோகும் இடம் அது. அவள் நிற்கவில்லை. அந்தப் புள்ளியிலிருந்து கீழே நேராக ஒரு கோடு இறக்கினாள்.

“இந்த உயரம் சைன்,” என்றாள். சுசானின் சொல் அவளுக்கு ஒட்டவில்லை, பழைய பள்ளிக்கூடச் சொல்தான் வந்தது. “இந்தப் பக்கம் கோசைன். இது ஒண்டு. நான் படிச்சிட்டன், பாருங்கோ.”

அவன் தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். இறக்கிய கோட்டின் மேல் விரலை வைத்து மேலும் கீழும் தடவினான். “வுவாலா” என்றான், மிக மெதுவாக. லூசியா தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். இன்னொரு வட்டம் போட்டு, நடுப்புள்ளியைக் கறுப்பாக அழுத்தி வைத்து, பென்சிலை அவன் இடக்கையில் கொடுத்தாள்.

“இப்ப நீங்கள். சும்மா நேராய் மேலை போங்கோ. தொண்ணூறு.”

அவன் பென்சிலை இறக்கினான். நடுப்புள்ளியில் வைக்கவில்லை. வட்டத்தின் உள்ளே, எங்கோ ஒரு இடத்தில் வைத்து, கீழ்ப்பக்கமாக ஒரு கோடு இழுத்தான்.

“நடுவிலை இருந்து,” என்றாள். அவன் கையைப் பிடித்துக் கறுப்புப் புள்ளியில் வைத்தாள். கையை விட்டதும் பென்சில் மெல்ல வழுகி வேறு பக்கம் போனது. மிகச் சுலபமானதைக் கேட்டாள். நடை தொடங்கும் வலப்பக்க ஓரத்தைத் தொட்டுக்காட்டி, இங்கே உயரம் எவ்வளவு என்று கேட்டாள். பூச்சியம். அதற்குப் பேச வேண்டாம், ஒரு சின்ன வட்டம் போட்டால் போதும். அவன் வெகுநேரம் யோசித்தான். எதையோ எழுதி, அதன் மேலேயே வேறொன்றை எழுதினான். பிறகு, அவளுடைய கேள்வியை ஒதுக்கிவிட்டு, தாளின் மூலையில் தன்னுடைய படத்தைப் போட்டான். வட்டம், கோடு, கோடு, சரிவாக ஒன்று.

அந்தப் படத்தை லூசியா எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இப்போதுதான் படித்த கண்ணோடு பார்த்தாள். அந்தச் சரிவுக் கோடு நடுவில் தொடங்கவில்லை. வட்டத்திலும் போய் முட்டவில்லை. இடக்கையால் வரைகிறவருக்குக் கொஞ்சம் கோணலாகத்தான் வரும் என்று சுசான் சொல்லியிருந்தாள். இது கோணல் இல்லை. எங்கே தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இங்கே ஏதோ இருந்தது, தனக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று இந்த வட்டத்துக்குள் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது. அதைத்தான் கண்ணாடியிலும் உறைகளிலும் தேடியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கதவுவரைக்கும் வந்து நின்றிருக்கிறான்.

இந்தப் படம் விளங்காத ஒருவருக்கு அது எப்படித் தோன்றும் என்பது லூசியாவுக்கு நன்றாகத் தெரியும். சிலுவையும் கோடுமாய். அந்த இடத்தில் இருந்துதான் அவள் இத்தனை வருடமும் பார்த்தாள். அங்கே இப்போது அவன் இருந்தான். அவள் இந்தப் பக்கம் வந்துவிட்டாள். படித்திருக்காவிட்டால் அவன் எதை இழந்தான் என்பது அவளுக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போயிருக்கும். கணிதம் என்று ஒரு சொல்லாக இருந்திருக்கும். இப்போது அதன் உயரம் தெரிந்தது, அகலம் தெரிந்தது.

“வுவாலா?” என்றான் அவன். முதல் தடவையாக அதைக் கேள்வியாகக் கேட்டான். அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஓம்,” என்றாள். “சரி. சரியாய்த்தான் போட்டிருக்கிறீங்கள்.”

அவன் பார்வையை எடுக்கவில்லை. எத்தனை வருடமாகப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தவன். விளங்கிய பிள்ளை எது, விளங்கியதாகத் தலையாட்டுகிற பிள்ளை எது என்று தெரிந்தவன். அது இன்னும் அவனிடம் இருந்தது. பென்சிலைத் தாளின் மேல் வைத்தான். இடக்கையால் அவளுடைய புறங்கையை இரண்டு தடவை மெல்லத் தட்டினான், பரவாயில்லை என்பதுபோல. பொய் சொன்னதற்கா, அழுததற்கா என்று தெரியவில்லை. தான் அழுவது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

அடுத்தநாள் கடையின் பின்பக்கத்தில், வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று சுசானுக்கு ரெலிபோன் எடுத்தாள்.

“அது அவரிட்டை இல்லை, சுசான்.” மடாம் என்று கூப்பிடுவது எப்போதோ விட்டுப்போயிருந்தது.

“ஒரு தடவதானே பாத்தீங்க? களைப்பா இருந்திருக்கும்...”

“இல்லை. எனக்குத் தெரியும்.”

அந்தப் பக்கத்தில் சுசான் அழுவது கேட்டது. லூசியா சுவரில் சாய்ந்துகொண்டு அது முடியும்வரைக்கும் காத்திருந்தாள். அந்த அழுகையின் மேல் இப்போது அவளுக்குக் கோபம் இல்லை. சிரித்துச் சுற்றி நடந்த அந்த மனிதன் இல்லாமல் போனதற்கு அழ, அவனைப் பார்த்தவள் ஒருத்தியாவது இருந்தாளே.

“அப்ப சனிக்கெழம...” என்றாள் சுசான், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “இனிமே வேணாம்தானே?”

“வாங்கோ.”

“எதுக்கு லூசியா? அவருக்குச் சொல்லிக் குடுக்கவா?”

“இல்லை. அவருக்கு இனி நான் அதைக் காட்டமாட்டன்.” முன்பக்கத்திலிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். “நானும் விட்டால் வீட்டிலை ஒருத்தருக்கும் அது தெரியாமல் போயிடும். அதுதான்.”

சனிக்கிழமை வெயில் நன்றாக எறித்தது. சுசான் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பெட்டி வெண்கட்டி கொண்டுவந்திருந்தாள். பாகையை விட்டுவிட்டு, நடந்த தூரத்தாலேயே கோணத்தை அளக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்க நிலத்தில் பெரிதாக வரைய வேண்டும் என்றாள். இரண்டு பேரும் முழங்காலில் இருந்து பூங்காவின் தார் நிலத்தில் வரைந்தார்கள். நடுவிலிருந்து ஓரம்வரைக்குமான ஆரையளவு ஒரு நூலை எடுத்து வட்டத்தின் ஓரத்தில் வளைத்து வைத்தார்கள். அதிகம் பேசவில்லை. நேரமாகிவிட்டது என்று லூசியா கையைக் கழுவாமலே எழுந்து வந்தாள்.

வீட்டில் ஜன்னலோரமாய்க் கதிரையைப் போட்டு, அண்ணனின் கழுத்தைச் சுற்றி ஒரு கறுத்த போர்வையைக் கட்டி, கிங்ஸ்டன் அவனுக்குத் தலைமயிர் வெட்டிக்கொண்டிருந்தான். நவம்பரிலிருந்து வளர்ந்த மயிர். கீழே பத்திரிகையில் நரையும் கறுப்புமாய்க் கிடந்தது.

“அசையாமல் இருக்கிறார் அண்ணி, நல்ல பிள்ளையாய்,” என்றான் கிங்ஸ்டன். “வலப்பக்கம் முடிஞ்சுது. கொஞ்சம் பாருங்கோ, சரியோ எண்டு.”

ஒரு பக்கம் வெட்டி மறுபக்கம் வெட்டாத தலையோடு ஸ்ரனிஸ்லாஸ் அவளைப் பார்த்தான். அவள் கிட்டப் போய், காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மயிரைத் தட்டிவிட்டாள். அவன் போர்வைக்குள்ளிருந்து இடக்கையை எடுத்து அவள் விரல்களைப் பிடித்தான். திருப்பிப் பார்த்தான். விரல் நுனிகளிலும் நகக்கண்களிலும் வெண்கட்டித் தூள் படிந்திருந்தது. அவன் அவளுடைய சுட்டுவிரலைத் தன் பெருவிரலால் தேய்த்தான். தூள் அவன் விரலுக்கு வந்தது. அதைப் பார்த்தான். அவளுடைய கையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு மணந்தான். மூச்சை உள்ளே இழுத்துவிட்டு வெளியே விடாமல் வைத்திருந்தான்.

லூசியா கையை எடுக்கவில்லை. கிங்ஸ்டன் கத்தரிக்கோலை உயர்த்தியபடியே நின்றான். கீழே பாதையில் ஒரு ரயில் வந்து நீளமாகக் கடந்து போனது. ஜன்னலால் வந்த காற்றில் கறுத்த போர்வையிலிருந்து மயிர்கள் ஒவ்வொன்றாக எழும்பின. போர்வையின் தோளில், மயிரைத் தட்டும்போது அவளுடைய விரல் பட்ட இடத்தில், வெள்ளையாய் ஒரு தடம் இருந்தது.